வெறும் வயிறும் வெள்ளையணுவும்

இரவு பதினொன்றரை இருக்கும். கல்லூரி நண்பன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. "டேய், முழிச்சிருக்கியா? அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எம்.எல்.னு சொல்லிட்டாங்க. நீ அதுலதானே வேலை பார்த்த? ஒண்ணு கேக்கணும்."

நான் பதில் எழுதுவதற்குள் ஒரு வீடியோ வந்து விழுந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்க ஒருவர் பேசுகிறார். மூன்று நாள் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு இருந்தால் உடம்பு ஆட்டோபேஜிக்குள், அதாவது தன்னைத் தானே தின்னும் நிலைக்குள், போய்விடுமாம். அப்புறம் புற்றுநோய்ச் செல்களை உடம்பே தின்று தீர்த்துவிடுமாம். இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாம். கீழே நண்பனின் கேள்வி: "கீமோ ஆரம்பிக்க இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்குள்ள இதைச் செஞ்சு பார்க்கலாமா?"

"அப்பாவைப் பட்டினி போடாதே. காலைல கூப்பிடுறேன்" என்று அனுப்பினேன். தூக்கம் போய்விட்டது.

அந்த வீடியோவில் எரிச்சல் என்னவென்றால், தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சரி. பட்டினியில் ஆட்டோபேஜி கூடும் என்பது சரி. நோபல் பரிசு கொடுத்தது சரி, 2016இல், ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு. ஆட்டோபேஜிக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதும் சரிதான். எந்தச் செல் எதைத் தின்கிறது, தின்றுவிட்டு யார் பிழைக்கிறார்கள் என்ற ஒரே ஒரு இடத்தில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். நண்பனுக்குக் காலையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அவனுக்கு அப்போது வேண்டியிருந்தது 'ஆம்' அல்லது 'இல்லை'. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஏ.எம்.எல். என்றால் அக்யூட் மைலாய்டு லுகேமியா, ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. நம் எலும்பு மஜ்ஜை ஓயாத பட்டறை. சிவப்பணுக்களை மட்டுமே வினாடிக்குச் சுமார் 20 லட்சம் செய்து அனுப்புகிறது. இவை எல்லாவற்றுக்கும் மூலம், மஜ்ஜைக்குள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும் கொஞ்சம் ஸ்டெம் செல்கள். அவற்றிலிருந்து பிரிந்து வரும் இளம் செல்கள் படிப்படியாக முதிர்ந்து வேலைக்குப் போக வேண்டும். ஏ.எம்.எல்.லில் மைலாய்டு கிளையில் வரும் இளம் செல்கள் முதிராமலே பெருகுகின்றன. இவற்றுக்கு பிளாஸ்ட் என்று பெயர். மஜ்ஜையில் இவை 20 சதவீதத்தைத் தொட்டால் பொதுவாக ஏ.எம்.எல். என்று முடிவு செய்கிறார்கள். எந்த வயதிலும் வரலாம் என்றாலும், அறுபதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம். பிளாஸ்ட்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் நல்ல செல்கள் குறைகின்றன. அதனால்தான் சோர்வு, காய்ச்சல், காரணமில்லாத ரத்தக் கசிவு எல்லாம். 'அக்யூட்' என்ற சொல்லுக்கு ஏற்றபடி, எல்லாம் சில வாரங்களுக்குள் நடந்துவிடும்.

சிகிச்சையின் முதுகெலும்பு இன்றைக்கும் 1973இல் வந்த '7+3' தான். சைட்டராபின் ஏழு நாள், கூடவே டானோரூபிசின் வகை மருந்து மூன்று நாள். பலருக்கு முதல் சுற்றிலேயே பிளாஸ்ட்கள் கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடும். பிரச்சினை அதற்கு அப்புறம்தான். மஜ்ஜையின் மூலை முடுக்குகளில் ஒளிந்துகொண்ட லுகேமியா ஸ்டெம் செல்கள் மாதங்கள் கழித்துத் திரும்பக் கிளம்பும். கீமோவின் அடியைத் தாங்கி இவை எப்படிப் பிழைக்கின்றன என்று தேடிப்போனவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் ஆட்டோபேஜி.

தமிழில் இதைத் தன்னுண்ணல் என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல். கிரேக்கத்திலிருந்து இந்தப் பெயரைக் கோத்தவர் கிறிஸ்டியன் டி டூவ், 1963இல். செல்லின் வயிறு என்று சொல்லத்தக்க லைசோசோமைக் கண்டுபிடித்தவரும் அவரே. செல்லுக்குள் பழுதான மைட்டோகாண்ட்ரியா, உருண்டு திரண்டுபோன புரதம் என்று ஏதாவது கிடக்கும். அதைச் சுற்றி ஒரு சவ்வு கிண்ணம்போல முளைக்கும், விளிம்புகள் நீண்டு நீண்டு ஒன்றோடொன்று ஒட்டி, இரட்டைச் சுவர்ப் பையாக மூடிக்கொள்ளும். அந்தப் பை நகர்ந்து போய் லைசோசோமோடு கலக்கும். அங்கே இருக்கும் அமிலமும் நொதிகளும் உள்ளே இருப்பதைக் கரைத்து, அமினோ அமிலங்களாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் திருப்பிக் கொடுத்துவிடும். அதாவது, குப்பை அள்ளுவதும் அடுப்புக்கு விறகு போடுவதும் ஒரே வேலையாக நடக்கிறது. இந்த இரட்டை வேலைதான் பின்னால் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

ஓசுமி இதை ஈஸ்ட்டில் பார்த்தார். ஈஸ்ட்டின் வயிற்றில், அதாவது அதன் குமிழறையில், செரிக்கும் நொதிகள் இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்து அதைப் பட்டினி போட்டார். செரிமானம் நடக்காததால், வந்து விழுந்த பைகள் கரையாமல் அப்படியே தங்கின. சாதாரண நுண்ணோக்கியிலேயே குட்டிக் குட்டி உருண்டைகள் துள்ளிக்கொண்டிருப்பது தெரிந்தது. 1992இல் அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, இந்த வேலைக்கு வேண்டிய 15 மரபணுக்களைப் பிடித்துவிட்டார். அவற்றின் சொந்தக்கார மரபணுக்கள் நமக்குள்ளும் இருக்கின்றன. இப்போது ஏடிஜி என்ற எழுத்துகளோடு எண் சேர்த்து ஏடிஜி-5, ஏடிஜி-7 என்கிறோம்.

கவனித்தீர்களா? அவர் செரிமானத்தை நிறுத்தியதால்தான் பைகள் கண்ணுக்குத் தெரிந்தன. பைகள் நிறைய இருந்தால் தன்னுண்ணல் நிறைய நடக்கிறது என்று அர்த்தமில்லை. இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். படித்தும் சறுக்கினேன்.

எச்எல்-60 என்று ஒரு செல்வரிசை. 1970களில் ஏ.எம்.எல். நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டு, இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு புது வேதிப்பொருளைக் கொடுத்து, தன்னுண்ணல் கூடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அளவுகோல் எல்சி-3 என்ற புரதம். இது சும்மா திரியும்போது ஒரு வடிவம், பையின் சவ்வில் ஒட்டிக்கொள்ளும்போது இன்னொரு வடிவம். ஒட்டுவதற்காக அதன் நுனியில் ஒரு கொழுப்பு மூலக்கூறு சேரும். எடை கூடியதால், புரதங்களை ஓடவிட்டு எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மெதுவாக நகர்ந்து மேலேதான் நிற்க வேண்டும் என்று தோன்றும் இல்லையா? அதுதான் கிடையாது. கொழுப்பு சேர்ந்த வடிவம் வேகமாக ஓடிக் கீழே போய் நிற்கும். ஆக, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. கீழ்ப் பட்டை கருத்தால் பைகள் கூடியிருக்கின்றன.

எனக்குக் கீழ்ப் பட்டை மைபோலக் கருத்து வந்தது. திரும்பத் திரும்ப மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. 'தன்னுண்ணலைத் தூண்டி லுகேமியா செல்லைக் கொல்லும் மருந்து' என்று தலைப்பே எழுதிவிட்டேன். கிட்டத்தட்ட ஆறு மாதம் அந்தக் கதையின் மேல்தான் அடுத்தடுத்த சோதனைகளைக் கட்டினேன். வாராந்திரக் கூட்டத்தில் ஸ்லைடைப் போட்டபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சீனியர் அக்கா கையைக்கூடத் தூக்காமல் கேட்டார்: "பாஃபிலோமைசின் போட்டுப் பார்த்தியாப்பா?"

போட்டுப் பார்க்கவில்லை. தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறியிருக்கிறது என்று வையுங்கள். குழாயை அதிகம் திறந்துவிட்டார்களா, வடிகால் அடைத்துக்கொண்டதா என்று மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பாஃபிலோமைசின் லைசோசோமில் அமிலம் சேரவிடாமல் செய்யும், அதாவது வடிகாலை நாமே அடைக்கிறோம். அடைத்த பிறகும் என் மருந்தால் மட்டம் இன்னும் ஏறினால், மருந்து குழாயைத் திறக்கிறது. ஏறாவிட்டால், மருந்து செய்துகொண்டிருந்ததும் வடிகாலை அடைக்கும் வேலைதான். இரண்டு வாரம் கழித்துப் படம் வந்தது. பாஃபிலோமைசின் மட்டும் போட்ட கட்டத்திலும், இரண்டும் சேர்த்துப் போட்ட கட்டத்திலும் கீழ்ப் பட்டை ஒரே கருப்பு. தன்னுண்ணலில் கரைந்து காணாமல் போக வேண்டிய பி-62 என்ற புரதமும் குவிந்து கிடந்தது. நான் தூண்டுகிறது என்று எழுதிய மருந்து தடுத்துக்கொண்டிருந்தது. தலைப்பை நேர் எதிராக மாற்ற வேண்டியதாயிற்று. அக்கா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்தச் சறுக்கலை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஏ.எம்.எல்.லில் தன்னுண்ணல் பற்றிய ஆய்வு மொத்தமும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. ஒரு கணத்தின் படத்தை வைத்துக்கொண்டு 'இது நல்லது', 'இது கெட்டது' என்று சொன்னவர்கள் எல்லோரும் அடுத்த படத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் நல்ல ரத்தத்தைப் பார்ப்போம். 2011இல் எலிகளின் ரத்த ஸ்டெம் செல்களிலிருந்து ஏடிஜி-7ஐ நீக்கிப் பார்த்தார்கள். தன்னுண்ணல் நின்றது. பழுதான மைட்டோகாண்ட்ரியாக்கள் செல்லுக்குள் தேங்கின, அவை கக்கிய ஆக்சிஜன் கழிவுகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தின. ஸ்டெம் செல்கள் ரத்தத்தை உருவாக்கும் திறனை இழந்தன. அதே எலிகளில் மைலாய்டு செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி மற்ற உறுப்புகளுக்குள்ளும் புகுந்தன. லுகேமியாவின் வாசல்படி மாதிரி ஒரு காட்சி. முதுமையிலும் இதே கதைதான். வயதான எலிகளின் ரத்த ஸ்டெம் செல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தன்னுண்ணலை நன்றாக நடத்திக்கொண்டிருந்தது, அவைதான் இளமையாகவும் இருந்தன என்று 2017இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆக, தன்னுண்ணல் நல்லது. அது குறைந்தால் லுகேமியாவுக்கு வழி திறக்கும்.

இதை உறுதிப்படுத்துவதுபோல 2015இல் இன்னொன்று. எலியில் உண்டாக்கிய ஒரு வகை ஏ.எம்.எல்.லில் ஏடிஜி-5இன் இரண்டு பிரதிகளில் ஒன்றை எடுத்தார்கள். நோய் இன்னும் மூர்க்கமாயிற்று. செல்கள் குளுக்கோஸை அள்ளி எரித்துக்கொண்டு வேகமாகப் பெருகின.

சரி, கதை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த ஆண்டே வேறொரு குழு வேறொரு எலி லுகேமியாவில் ஏடிஜி-5ஐயோ ஏடிஜி-7ஐயோ முழுக்க நீக்கியது. எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன, லுகேமியா ஸ்டெம் செல்கள் குறைந்தன. இங்கே தன்னுண்ணல் நோயின் கையாள். அதே ஆண்டில் மூன்றாவது குழு: தொடக்கத்திலேயே ஏடிஜி-5ஐ எடுத்தால் லுகேமியா முளைப்பது தாமதமாகிறது, ஆனால் முற்றிவிட்ட லுகேமியாவை அடுத்த எலிக்கு மாற்றிய பிறகு எடுத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை, கீமோவின் பலனும் கூடவில்லை.

இவற்றில் யாரும் தப்பாகச் செய்துவிடவில்லை. ஒரு பிரதியை எடுப்பதும் இரண்டையும் எடுப்பதும் ஒன்றல்ல. கொஞ்சம் குறைந்தால் குப்பை சேரும், செல் கோணலாகும், கோணலானது பெருகும். அடியோடு நின்றால் அடுப்பே அணைந்துவிடும், கோணல் செல்லும் சாகும். நோய் பிறப்பதற்கு முன்பு வாசலில் நின்ற காவல்காரனே நோய் குடியேறிய பிறகு அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறான்.

ஃப்ளிட்-3 என்ற மரபணுவில் ஒரு துண்டு இரட்டிக்கும் பிழை ஏ.எம்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இருக்கும். இந்தப் பிழைப் புரதம் செல்லின் தன்னுண்ணலைத் தூண்டி அதில் வாழ்கிறது என்று 2018இல் ஒரு ஆய்வு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த இன்னொன்றில், செல்லின் இன்னொரு புரத உடைப்புக் கருவியான புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் இதே பிழைப் புரதத்தைத் தன்னுண்ணல் தின்றுவிடுகிறது. தானே வளர்த்துவிட்ட வாயில் தானே போய் விழுவது. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

தின்னப்படுவது நோயின் வேராகவே இருந்தால் தன்னுண்ணல் மருத்துவரின் பக்கம் வந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம், ஏ.எம்.எல்.லின் ஒரு கிளையான ஏ.பி.எல். அதில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் ஒரு கலப்புப் புரதம் பிறக்கிறது. செல்லை முதிரவிடாமல் நிறுத்தி வைப்பது அதுதான். ஒரு காலத்தில் ரத்தக் கசிவால் நாள் கணக்கில் ஆளைக் கொண்டுபோன நோய். சீன மருத்துவர் வாங் ஜென்யியின் குழு வைட்டமின் ஏ-வின் உறவுக்கார மருந்தான ஆட்ராவைக் கொடுத்துப் பார்த்து 1988இல் முடிவுகளை வெளியிட்டது. பின்னால் ஆர்சனிக்கும் சேர்ந்தது. இன்று இந்த இரண்டும் சேர்ந்து, ரத்தக் கசிவு அபாயமுள்ள முதல் சில வாரங்களைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோரைக் குணமாக்கிவிடுகின்றன. இந்த மருந்துகள் கலப்புப் புரதத்தை அழிக்கும் வழிகளில் தன்னுண்ணலும் ஒன்று என்று 2010 வாக்கில் தெரிந்தது. அந்தப் பிசாசுப் புரதம் செல்லுக்குள் கரைகிறது, செல் முதிர்ந்து சாதாரண வெள்ளையணுவாகித் தன் ஆயுள் முடிந்து சாகிறது. கொல்லாமல் திருத்துவது என்று ஒன்று புற்றுநோயில் உண்டென்றால் அது இதுதான்.

மற்ற ஏ.எம்.எல்.களில் நிலைமை அவ்வளவு சாதகமில்லை. அங்கே இப்போது எல்லோரும் பேசுவது மைட்டோபேஜி. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பொறுக்கித் தின்னும் தன்னுண்ணல். லுகேமியா ஸ்டெம் செல்கள், தங்கள் மைட்டோகாண்ட்ரியாக்களைத் துப்புரவாக வைத்துக்கொள்வதில் படு கறார். ஃபிஸ்-1 என்ற புரதத்தின் வழியாக நடக்கும் இந்தத் துப்புரவை நிறுத்தினால், அந்தச் செல்கள் தங்களைத் தாங்களே புதுப்பிக்கும் திறனை இழக்கின்றன என்று 2018இல் காட்டினார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், வெனிட்டோகிளாக்ஸ். வயதானவர்களாலும் உடல் தளர்ந்தவர்களாலும் 7+3ஐத் தாங்க முடியாது. அவர்களுக்கு அசாசைட்டிடின் ஊசியோடு இந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். 2020இல் வெளியான பெரிய சோதனையில், ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 9.6 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.7 மாதம். சின்ன எண்ணாகத் தெரியலாம். அந்த ஐந்து மாதத்துக்கு வீட்டில் இருப்பவர்களிடம் போய் விலை கேட்டுப் பாருங்கள். மாத்திரை அடிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. பிசிஎல்-2 என்ற காப்புப் புரதத்தைப் பிடித்து விலக்கினால், மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை விழுந்து செல் தற்கொலை செய்துகொள்ளும். ஆனால் நாளாக ஆக மருந்து வேலை செய்யாமல் போகிறது. 2023இல் வந்த ஒரு ஆய்வு அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: மருந்துக்குப் பழகிய செல்கள் மைட்டோஃப்யூசின்-2 என்ற புரதத்தைக் கூட்டிக்கொண்டு, அடிபட்ட மைட்டோகாண்ட்ரியாக்களை மைட்டோபேஜியால் உடனுக்குடன் அப்புறப்படுத்திவிடுகின்றன. தற்கொலைச் செய்தி பரவுவதற்குள் செய்தி சொல்ல வந்தவனையே தின்றுவிடுவது. மைட்டோபேஜியைத் தடுத்தால் மருந்து மறுபடி பிடிக்கிறது.

அப்படியானால் தன்னுண்ணலைத் தடுக்கும் மாத்திரையைக் கூடச் சேர்த்துவிட வேண்டியதுதானே? மலேரியாவுக்கும் மூட்டு நோய்களுக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் லைசோசோமின் அமிலத்தைக் குறைக்கும். மலிவு, பழகிய மருந்து. பல புற்றுநோய்களில் முயன்றும் பார்த்தார்கள். மூளைக் கட்டியில் கீமோவோடும் கதிர்வீச்சோடும் சேர்த்துக் கொடுத்த ஒரு சோதனையில், ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமுக்குப் போனபோது வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் ஆபத்தான அளவுக்கு விழுந்தன. 600இலேயே நிறுத்த வேண்டி வந்தது, அந்த அளவில் நோயாளிகளின் ஆயுள் குறிப்பிடும்படி கூடவில்லை. ஏ.எம்.எல். நோயாளிக்கு ஏற்கெனவே இந்த இரண்டும்தான் தரையில் கிடக்கின்றன. தவிர, மஜ்ஜையில் லுகேமியா ஸ்டெம் செல்லின் பக்கத்திலேயே நல்ல ஸ்டெம் செல்லும் குடியிருக்கிறது. அதுவும் தன்னுண்ணலை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. லைசோசோமை மொத்தமாக மூடுவது இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீரை நிறுத்துவது மாதிரி. மைட்டோபேஜியை மட்டும், அதுவும் லுகேமியா செல்லில் மட்டும் தொடும் மருந்துதான் வேண்டும்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். பட்டினி கிடந்தால் ரத்தத்தில் ஊட்டம் குறையும். செல்லுக்குள் எம்டார் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அடங்கும், ஏ.எம்.பி.கே. என்ற பஞ்ச காலத்து மணி அடிக்கும், தன்னுண்ணல் கூடும். ஆனால் அந்த மணி லுகேமியா செல்லுக்கும் கேட்கும். அதிலும் லுகேமியா ஸ்டெம் செல்கள் சாதாரண நாளிலேயே ஏ.எம்.பி.கே.யை முறுக்கி வைத்துக்கொண்டு, ஃபிஸ்-1 வழியாக மைட்டோபேஜியை நடத்துபவை. பஞ்சத்தில் பழகியவனைப் பஞ்சத்தால் விரட்டலாம் என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை. உடம்பு 'கெட்ட செல்லை' அடையாளம் கண்டு தின்கிறது என்பது சுத்தமான தவறு. தன்னுண்ணலில் ஒவ்வொரு செல்லும் தன்னுடைய சாமான்களைத்தான் தின்கிறது. கெட்ட செல் தின்பது கெட்ட செல்லின் நன்மைக்காக. இடையில் இளைத்துப்போவது நோயாளி. கீமோவின்போது எடை இறங்குவது தனியாகவே ஒரு தலைவலி, தசையும் பலமும் போனால் அடுத்த சுற்றைத் தாங்க முடியாது. அறுபது, எழுபது வயதுக்காரரை அந்தச் சுற்றுக்கு முன்னாலேயே மூன்று நாள் பட்டினி போடுவது பற்றி நண்பனிடம் நான் உபயோகித்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிடா, அம்மாகிட்ட சொல்றேன், அவங்கதான் இதை அனுப்பினாங்க" என்றான். அப்பாவின் வயதையும் இதயத்தையும் பார்த்துவிட்டு மருத்துவர்கள் 7+3 வேண்டாம், அசாசைட்டிடினும் வெனிட்டோகிளாக்ஸும் போதும் என்று முடிவு செய்தார்கள். நான்காம் நாள் சாயங்காலம் மறுபடி செய்தி.

"நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தாங்க. முதல்ல சாப்பிடச் சொல்லுங்க, வெறும் வயித்துல கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஏன்டா?"

காரணம் இருக்கிறது. வெனிட்டோகிளாக்ஸ் தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து. சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு கூடுதலாக ஏறும். அதை எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டுட்டிருக்கார்" என்று ஒரு வரி வந்தது.